கேட்டில் நிற்பது என் தம்பி

1

லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவம் போன கிழமை வந்தது. பாதுகாப்பு வேலை செய்கிறவர்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த இடம், ஐந்து வருட விலாசங்கள், குற்றம் ஏதும் செய்தாயா, செய்யவில்லை என்றால் அதற்கும் அத்தாட்சி. நான் நாலாவது முறையாகப் புதுப்பிக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அதை யாரும் கொண்டாடப் போவதில்லை. ஆனால் இந்த முறை படிவத்துக்கு முன்னால் இருந்தபோது போன மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று மனதில் வந்து குந்திக்கொண்டது. எழுதிவிட்டால் போய்விடும் என்று ரெஜினா சொல்கிறாள். ரெஜினா என் மனைவி. நான் வீட்டில் புறுபுறுப்பதைக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

கிழமை நாட்களில் நான் மரக்கறி வான் ஓடுகிறேன். லண்டனில், ஸ்ட்ரெதமில் வீடு. பெரிய ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் ட்விக்கனம் ரக்பி மைதானத்தில் ஸ்டூவர்ட் வேலை. ஸ்டூவர்ட் என்றால் ஊரில் பெரிதாக நினைப்பார்கள். மஞ்சள் ஜாக்கெட் போட்ட காவல்காரன், அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கும்வரை கேட்டில் நின்று பை சோதிப்பேன். தொடங்கிய பிறகு உள்ளே போய்ப் படிக்கட்டு அடியில் நிற்பேன். சனத்தைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். மைதானத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. நியூசிலாந்து வந்தது, தென்னாபிரிக்கா வந்தது, எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஓடிப் போயின. ஒரு முழு ஆட்டம் நான் பார்த்ததில்லை. எண்பதாயிரம் பேர் வாயைத் திறப்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ரக்பி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கண்டியிலும் கொழும்பிலும் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முட்டை வடிவப் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அதுதான். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். எங்களுக்கு உதைபந்து போதும்.

இப்போது ஐரோப்பாவில் ஊர் பார்க்கிற விதமே மாறிவிட்டது. முன்பு ஒரு நகரத்துக்குப் போனால் ஒரு கிழமை தங்குவார்கள். இப்போது வெள்ளி வந்து ஞாயிறு போய்விடுவார்கள். காலையில் ஒரு பழைய அரச மாளிகை, சுவரில் தொங்கும் படங்கள், கடையில் ஒரு கோப்பை. பின்னேரம் ரக்பி. பிரெஞ்சுக்காரன், இத்தாலிக்காரன், அயர்லாந்துக்காரன் எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள். என் கேட்டுக்கு வரும்போது கையில் மாளிகைக் கடைப் பை இருக்கும். படம் சுருட்டிய நீளக் குழாயும் இருக்கும். குழாய்க்கு உள்ளே அனுமதி இல்லை. இராணியின் படத்தை என்னிடம் பறிகொடுத்துவிட்டு மூன்று மொழியில் என்னைத் திட்டிய ஆட்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சில் திட்டினால் மட்டும் எனக்கு முழுதாக விளங்கும். விளங்காத மாதிரி நிற்பேன்.

2

எனக்குப் பிரெஞ்சு தெரிந்ததற்குக் காரணம் என் அண்ணன். ஊரிலிருந்து என்னைப் பாரிசுக்கு எடுத்தவர் அவர். ஒரே அறையில் பதினொரு வருடம் இருந்தோம். அவர் கலியாணம் செய்த பிறகும் நடுவில் ஒரு துணியைத் தொங்கவிட்டுவிட்டு அங்கேதான் இருந்தேன். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணனுக்குப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பலசரக்குக் கடை. நான் பிறகு ரெஜினாவைக் கட்டி, பிள்ளைக்கு ஆங்கிலம் வரட்டும் என்று லண்டனுக்கு வந்தேன். அண்ணன் அங்கேயே இருந்துவிட்டார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. எந்த வாசலுக்குப் போனாலும் முதலில் தேடுவது உள்ளே எங்கட ஆள் யார் என்று. கச்சேரிக்கு, அதாவது அரசாங்கக் கந்தோருக்குப் போனால் யாரும் வரிசையைப் பார்ப்பதில்லை, கிளார்க்கின் முகத்தைப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் யாருடைய மகள் என்று விசாரிப்பார்கள். குருநகர் மைதானத்தில் ஆட்டம் நடந்தால் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் எங்கள் அம்மாவின் தம்பி. நாங்கள் டிக்கெட் என்ற ஒன்றைக் கையில் பிடித்ததே இல்லை. அது களவு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் சொந்தக்காரன் நிற்கும்போது டிக்கெட் எடுத்துக்கொண்டு போவது அவனை அவமானப்படுத்துவது என்றே நினைத்தோம்.

லண்டனிலும் அது போகவில்லை. கவுன்சில் கந்தோரில் தமிழ்ப் பிள்ளை இருந்தால் அந்த ஜன்னலுக்கு மட்டும் வரிசை நீளும். அந்தப் பிள்ளை பாவம், ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும். அப்போது "தமிழ் தெரியாத மாதிரி நடிக்கிறாள்" என்று பேசுவார்கள்.

ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு நத்தார் அன்று கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்ல அண்ணனுக்குப் போன் எடுத்தபோது நான் கொஞ்சம் பெரிதாகக் கதைத்துவிட்டேன். மறைக்கத் தேவையில்லை, சொல்கிறேன். "நான் நிக்கிற கேட்டால இளவரசன் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போகோணும். ஒருக்கா வாங்கோ அண்ணை, நான் இருக்கிறன்," என்றேன். பேச்சுக்குச் சொன்னது. மரக்கறி வான் ஓடுகிறேன் என்று எத்தனை நத்தாருக்குத்தான் சொல்வது? அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

3

அண்ணனின் ஒரே மகன் அலன். இருபத்திரண்டு வயது. பாரிசுக்கு வெளியே ஒரு சின்னக் கழகத்தில் பதினாலு வயதிலிருந்து ரக்பி விளையாடுகிறான். முன்வரிசை ஆட்டக்காரன், கழுத்து மரக்குற்றி மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவர்களுக்கு ஆட்டம். ஞாயிறுதான் லா சப்பலில் கடைக்குச் சனம் வருகிற நாள். எட்டு வருடத்தில் அண்ணன் ஒரு ஆட்டத்துக்குக்கூடப் போனதில்லை. அலன் சண்டை போடவில்லை. அது அவன் குணம் இல்லை. கேட்பதை நிறுத்திவிட்டான். வீட்டில் பிரெஞ்சில் இரண்டு சொல், தமிழில் ஒரு சொல், பிறகு அறைக்கதவு. அண்ணன் எனக்குப் போனில் சொல்லி அழுதிருக்கிறார். என் பெயர் சேவியர், அவருக்குச் சேவி. "அவனுக்கு என்னோட கதைக்க ஒண்டுமில்லை சேவி."

போன வருடக் கடைசியில் அலனுக்கு மின்சார வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அவன் ஒரு பயண நிறுவனத்தில் லண்டன் பயணம் ஒன்று எடுத்தான். இரண்டு இரவு, ஹாம்ப்டன் கோர்ட் மாளிகை, இங்கிலாந்தும் பிரான்சும் ஆடும் ரக்பி. இரண்டு பேருக்கு. மற்ற ஆள் அப்பா. பெண் சிநேகிதியைக் கூட்டிப் போவான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அண்ணி எனக்குப் போன் எடுத்து, "கடையை நான் பாக்கிறன், இவரை நீ பத்திரமாக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கதிரையில இருத்திவிடு," என்றா. அவவுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விசயம் என்று. எனக்கும் தெரியும். இதை எழுதும்போதும் அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை நானும் என் மகள் மெலனியும் ஹாம்ப்டன் கோர்ட்டுக்குப் போய் அவர்களைச் சந்தித்தோம். மெலனிக்கு இருபது வயது. பெரியப்பாவைப் பார்க்கத்தான் வந்தாள். எனக்குப் பன்னிரண்டு மணிக்கு வேலை என்பதால் ஒன்றரை மணித்தியாலம்தான் அவர்களோடு நின்றேன்.

ஆறு கலியாணம் செய்து இரண்டு மனைவிகளின் தலையை வெட்டிய ராசாவின் வீடு அது. எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. ஆனால் வீடு பெரியது. அண்ணன் வாசலில் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இஞ்ச எங்கட ஆக்கள் ஆரும் வேலை செய்யினமோ?"

"ராசாவின்ர வீட்டில எங்களுக்கு என்ன வேலை?" என்றேன்.

அவர் நினைத்ததுதான் சரி. மேல் மாடியில் ஒரு அறையில் காவலுக்கு இருந்த பெண் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தா. யாழ்ப்பாணத்து அரியாலைக்காரி. அண்ணனுக்கு முழங்கால் நோகிறது என்று கண்டதும் தான் இருந்த கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ அண்ணை, ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்," என்றா. அண்ணன் அந்தக் கதிரையில் ராசா மாதிரி இருந்து என்னைப் பார்த்தார். "பாத்தியோ?" என்ற பார்வை அது. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஒரு நீளமான மண்டபத்தில் ஒன்பது பெரிய படங்கள் இருக்கின்றன. உரோமைத் தளபதி ஒருவன் வென்ற நாட்டின் சாமான்களையும் பிடித்த ஆட்களையும் ஊர்வலமாகக் கொண்டு போவது. யானைகூட இருக்கிறது. அண்ணன் எல்லாப் படத்துக்கு முன்னாலும் நின்று அலனைக் கொண்டு போட்டோ எடுப்பித்தார். கைதிகள் இருந்த படத்துக்கு முன்னால் மட்டும் போட்டோவுக்கு நிற்காமல் பார்த்தார். ஒரு பெண் கையில் பிள்ளையோடு நடக்கிறாள்.

"இதுகள் எங்க போகுதுகள்?" என்று மகனைக் கேட்டார்.

அலன் சுவரில் இருந்த எழுத்தை வாசித்தான். தமிழில் சொல்ல முயன்றான். "அவையளை... பிடிச்சு... சனத்துக்குக் காட்டினம் அப்பா. வின் பண்ணினதுக்கு."

"காட்டிப்போட்டு?"

"அது எழுதேல்லை."

அண்ணன் தலையை ஆட்டினார். அப்பாவும் மகனும் நாலு வசனம் தொடர்ந்து பேசியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அலனும் அதைக் கவனித்தான் என்று நினைக்கிறேன். தன் பையைத் திறந்து நீலச் சால்வை ஒன்றை எடுத்து அப்பாவின் கழுத்தில் போட்டுவிட்டான். பிரான்ஸ் அணியின் நிறம். நான் நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

4

நான் போன பிறகு நடந்ததை மெலனி சொல்லித்தான் அறிந்தேன்.

மாளிகைத் தோட்டத்து மர வாங்கு ஒன்றில் குந்தி ரெஜினா கட்டிக் கொடுத்த ரோல்சைச் சாப்பிட்டிருக்கிறார்கள். மெலனி வீட்டுக்குப் போக எழும்பினாள். அண்ணன் கேட்டார், "நீ எங்க போறாய் பிள்ளை? மட்ச் பாக்க வரேல்லையோ?"

"என்னட்ட டிக்கெட் இல்லைப் பெரியப்பா."

"என்ரையை எடு."

"ஐயோ நோ பெரியப்பா! ஐ டோன்ட் ஈவன் லைக் ரக்பி."

"பிடிக்காட்டிப் பழகு. தம்பீன்ர பிள்ளையை விட்டிட்டு நான் போய் முன்னுக்குக் குந்தி இருக்கிறதோ? நல்லா இருக்கோ அது?"

"அப்ப நீங்கள்?"

"எனக்கென்ன, கேட்டில உன்ர கொப்பன் நிக்கிறான்."

மெலனிக்கு என் வேலை என்னவென்று தெரியும். அப்படி விட மாட்டார்கள் என்று ஆங்கிலத்தில் மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். அண்ணன் சிரித்துவிட்டு அவளுடைய தலையில் தட்டினார். அவள் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். ரெஜினாவுக்கு முழு விசயமும் தெரியாது. "பெரியப்பா ஆசையாத் தந்தா வேண்டாமெண்டு சொல்லாதை, பிழையா நினைப்பார்," என்றிருக்கிறாள். இந்தப் பிள்ளைகள் எங்கள் மற்றச் சொல் எதையும் கேட்பதில்லை. அன்றைக்கென்று கேட்டாள்.

"அலன் என்ன சொன்னவன்?" என்று பிறகு மெலனியைக் கேட்டேன்.

"நத்திங். போனைப் பாத்துக்கொண்டு இருந்தான். ரெண்டு டிக்கெட்டும் அவன்ர போன்லதான் இருந்தது."

எங்கள் ஆட்கள் கொடுப்பதில் இருக்கிற வருத்தம் இதுதான். தனக்கு வந்ததை மற்றவனுக்குத் தூக்கிக் கொடுத்தால் பெரிய மனிதன். அதைத் தந்தவன் எதற்காகத் தந்தான் என்று யாரும் பார்ப்பதில்லை. அலன் வாங்கியது டிக்கெட் அல்ல, தனக்குப் பக்கத்தில் அப்பா இருக்கிற இரண்டு மணித்தியாலம். அதை அண்ணன் ரக்பி பிடிக்காத ஒரு பிள்ளைக்கு அன்பாகக் கொடுத்துவிட்டார்.

மைதானத்தில் அலனும் மெலனியும் தங்கள் டிக்கெட்டில் எழுதியிருந்த கேட்டால் உள்ளே போனார்கள். அண்ணன் மைதானத்தைச் சுற்றி என்னைத் தேடி வந்தார்.

5

ஆட்டம் தொடங்க முக்கால் மணித்தியாலம் இருந்தது. அதுதான் சனம் நெரிக்கிற நேரம். என் வரிசையில் இருநூறு பேர் நின்றிருப்பார்கள். ஒரு பையை மூடிவிட்டு நிமிர்ந்தால் அண்ணன் நிற்கிறார்.

"சேவி!"

"அண்ணை! பிள்ளையள் எங்க?"

"அவை உள்ளுக்க போட்டினம். நான் உன்னட்ட வந்தனான்."

"டிக்கெட்டைக் காட்டுங்கோ, கெதியா. பின்னால சனம் நிக்குது."

"டிக்கெட்டோ?" அண்ணன் சிரித்தார். "நீ நிக்கிறாய், எனக்கேன்ரா டிக்கெட்?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. மெலனிக்குக் கொடுத்த கதையை இரண்டு வசனத்தில் சொன்னார், பெருமையாக.

"அண்ணை, ஏலாது."

"ஆரும் பாக்கேல்லை. நீ பையைச் சோதிக்கிற மாதிரிச் சோதி, நான் அப்பிடியே போறன்."

"டிக்கெட்டைக் காட்டினாத்தான் மெஷின் திறக்கும். நான் திறக்கிறேல்லை."

"அங்கால சின்னக் கேட் ஒண்டு இருக்கு. சக்கரக் கதிரை ஆக்கள் போறது. நீதான் திறந்துவிட்டனி. நான் கண்டனான்."

அது உண்மை. அந்தக் கேட் கையால் திறப்பது. அன்றைக்கு அது என் பொறுப்பில்தான் இருந்தது. திறந்திருக்கலாம். ஒரு செக்கன் வேலை.

"கமரா இருக்கண்ணை. என்ர லைசென்ஸ் போயிடும்."

"எண்பதாயிரம் பேருக்குள்ள ஒரு கிழவனை ஆரடா எண்ணுறது?"

"தயவு செய்து தள்ளி நில்லுங்கோ."

அப்போதுதான் அவருக்கு விளங்கத் தொடங்கியது. குரல் மாறியது. "பதினொரு வருசம் ஒரே அறையில படுத்தனாங்கள். உன்னட்ட நான் எப்பவாவது டிக்கெட் கேட்டனானோ?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சும்மாவே வரும், பின்னால் இருநூறு பேர் நிற்கும்போது இன்னும் வரும். "பெடியன் உங்களைப் பக்கத்தில இருத்தத்தான் அதை எடுத்தவன்! அதை ஏன் குடுத்தனீங்கள்?"

"உன்ர பிள்ளைக்குத்தானேயடா குடுத்தனான்! றோட்டால போறவைக்கோ குடுத்தனான்?"

அவரை ஓரமாக ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

வரிசையில் ஒருவன் விசிலடித்தான். எங்கள் மேற்பார்வையாளர் ப்ளெஸ்ஸிங் வந்தா. நைஜீரியாக்காரி, உயரமான பெண், நடையிலேயே அதிகாரம் இருக்கும். அண்ணனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"சேவியர், டூ யூ நோ திஸ் ஜென்டில்மன்?"

அந்த நேரத்தில் என் மூளை எப்படி ஓடியது என்று சொல்கிறேன். தெரியும் என்றால், டிக்கெட் இல்லாத உறவினர் ஏன் உன் கேட்டைத் தேடி வந்தார் என்று கேட்பார்கள். வரச் சொன்னாயா என்று கேட்பார்கள். வரச் சொல்லித்தான் இருந்தேன், ஒரு நத்தார் அன்று. அந்தப் பருவத்தில் ஆட்களை உள்ளே விட்டதற்காக இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நோ," என்றேன். "ஐ டோன்ட் நோ ஹிம்."

அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ஆனால் அந்த ஐந்து சொல்லுக்கு யாரும் ஆங்கிலம் படித்திருக்கத் தேவையில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ப்ளெஸ்ஸிங்கைப் பார்த்து, "சொறி மடம்," என்றார். தொப்பியைச் சரி செய்தார். திரும்பி, வருகிற சனத்துக்கு எதிராக நடந்து போனார். நான் அடுத்த ஆளின் பையைத் திறந்தேன். உள்ளே ஒரு குழந்தையின் பால் போத்தல் இருந்தது. அதை நான் இரண்டு முறை சோதித்தேன்.

அரை மணித்தியாலத்தால் உள்ளே இருந்து அலன் ஓடி வந்தான்.

"சித்தப்பா, அப்பா எங்க? போன் எடுக்கிறார் இல்லை."

"வெளியில. உள்ள விட ஏலாமப் போச்சு."

அவன் சின்னக் கேட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். வெளியே போகிற கேட்டடிக்கு நடந்தான். எல்லோருக்கும் சொல்கிற வசனத்தை அவனுக்கும் சொல்ல வேண்டும், அது சட்டம். சொன்னேன், ஆங்கிலத்தில். வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது.

"தெரியும்," என்று தமிழில் சொல்லிவிட்டு அலன் வெளியே போனான்.

பின்னால் தேசிய கீதம் தொடங்கியது. முதலில் பிரெஞ்சு. வரிசையில் மிச்சமாக நின்ற பிரெஞ்சுக்காரர்கள் நின்ற இடத்திலேயே பாடினார்கள். எனக்கும் அந்தச் சொற்கள் தெரியும். பாரிசில் பிரஜாவுரிமைக்காகப் பாடமாக்கியது. அந்த அறையில் அண்ணன் எனக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டியது.

6

யார் வென்றது என்று எழுதப் போவதில்லை. நான் பார்க்கவில்லை.

அப்பாவும் மகனும் ஆட்டத்தைப் பக்கத்துத் தெருவில் ஒரு பப்பில் நின்று தொலைக்காட்சியில் பார்த்தார்களாம். அண்ணன் வாழ்க்கையில் பப்புக்குள் கால் வைத்ததில்லை. தோடம்பழச் சாறு குடித்தாராம். பந்து வெளியே போனால் ஏன் ஆளைத் தூக்குகிறார்கள், முன்வரிசையில் நீ எந்த இடத்தில் நிற்பாய், கழுத்து நோகாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அலன் மெலனிக்குச் சொன்னது. உள்ளே அவள் ஒரு வெறும் கதிரைக்குப் பக்கத்தில் தனியாக இருந்து முழு ஆட்டத்தையும் பார்த்தாள். இப்போது அவளுக்கு ரக்பிப் பைத்தியம். எனக்கு விதிகள் சொல்லித் தருகிறாள்.

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லைசென்ஸ், கமரா, வரிசை, விசில். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பைபிள் வாசகம் வாசிக்கிறவள் அவள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கோழி கூவினதோ?"

கோழி கூவ முன்னம் சீடர் இராயப்பர் இயேசு ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த கதை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். நான் சாப்பிடாமல் எழும்பிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று பேச்சு. ரெஜினா நண்டு வாங்கியிருந்தாள். அவர்கள் வரவில்லை. பாரிஸ் ரயில் எத்தனை மணிக்கு என்று மெலனி அலனிடம் கேட்டு எனக்குச் சொன்னாள். சென்ட் பங்க்ரஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். அலன் என்னைக் கண்டதும் கோப்பி வாங்கப் போவதாகச் சொல்லி விலகினான். நல்ல பிள்ளை.

"அண்ணை, அந்த லைசென்ஸ் இல்லாட்டி..."

"உள்ள விடாதது சரி," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "யோசிச்சுப் பாத்தன். பிழை என்னில. பிள்ளை தந்ததை நான் மாத்திக் குடுத்திருக்கக் கூடாது. அவனிட்டயும் சொல்லிப்போட்டன்."

"பிறகென்ன?"

"அந்தப் பொம்பிளை கேட்டதுக்கு, ஓம், இது என்ர அண்ணை, டிக்கெட் இல்லாமல் வந்து நிக்கிறார், விட ஏலாது எண்டு சொல்லியிருக்கலாம். அப்பவும் நான் வெளியிலதான் நிண்டிருப்பன்."

அலன் மூன்று கோப்பியோடு வந்தான். எனக்கும் ஒன்று வாங்கியிருந்தான். குடித்தோம். ரயிலுக்கு அழைத்தார்கள். போனார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு வேலைக்குப் போனபோது ப்ளெஸ்ஸிங்கிடம் உண்மையைச் சொன்னேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "அதை ஏன் அப்பவே சொல்லவில்லை? என் அண்ணனாக இருந்தால் பத்துப் பேரோடு வந்திருப்பான். நானே அவனைக் கையைப் பிடித்து வெளியே கொண்டு போய் விட்டிருப்பேன்," என்று சொல்லிச் சிரித்தா. ஒன்றும் நடந்திருக்காது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பன்னிரண்டு வருடம் சட்டத்தோடு நின்று நின்று, சட்டம் கேட்காததையும் நானாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

7

நாலு மாதம் அண்ணன் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அண்ணி ரெஜினாவோடு கதைப்பா. அண்ணன் இரண்டு ஞாயிறு கடையைப் பின்னேரம்வரை பூட்டிவிட்டு அலனின் ஆட்டத்துக்குப் போனாராம். அண்ணி சொன்னது. சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அதை நான் அவர் வாயால் கேட்கவில்லை.

போன வியாழன் விடிய மரக்கறிச் சந்தையில் வானுக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றபோது போனை எடுத்து அண்ணனின் இலக்கத்தை அழுத்தினேன். ஏன் அந்த நேரம் என்று தெரியாது. சுற்றிவரச் சத்தம். தமிழர், துருக்கியர், வங்காளிகள், ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரிந்த தமிழர்களே ஏழெட்டுப் பேர்.

"ஆர்?" என்றார் அண்ணன். என் இலக்கம் அவருடைய போனில் பெயரோடு இருக்கிறது. நானே போட்டுக் கொடுத்தது.

"நான்தான் அண்ணை."

"ஆர் நான்?"

"சேவியர்."

"எந்தச் சேவியர்? கடைக்கு மூண்டு சேவியர் வாறவங்கள்."

பெட்டியை நிலத்தில் வைத்தேன். பக்கத்து வான்காரன் என்னைப் பார்த்தான். நான் சத்தமாகச் சொன்னேன்.

"உங்கட தம்பி!"

சந்தையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓ. இப்ப விளங்குது," என்றார் அண்ணன். "சொல்லு."